காற்றில் இருக்கும் பாடம்

ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் தலைமுறைகளாக ஓர் ஊரில் சேர்ந்து வாழ்ந்தால், தொழிலின் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும், பிள்ளைகள் தங்களை அறியாமல் அதைக் கற்றுக்கொள்வார்கள் என்பது 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதிய கருத்து. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது ஷெஃபீல்டு கத்திப் பட்டறைகளை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுத் தறி கண்முன் வந்தது. தார் சுற்ற எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாவில் இழை அறுந்தால் எப்படி முடிவது என்று அம்மா ஒருநாளும் விளக்கியதில்லை. பக்கத்தில் இருந்தேன், கைக்கு வந்துவிட்டது.

பொருளாதார ஆராய்ச்சியும் அப்படி ஓர் ஊர்தான் என்பது முனைவர் பட்டத்துக்காகச் சென்னைக்குப் போன பிறகு தெரிந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் சிலருடைய பெற்றோர் பேராசிரியர்கள். எந்த இதழுக்கு எதை அனுப்பலாம், கைடிடம் எப்போது பேச வேண்டும், கருத்தரங்கில் கேட்கப்படும் கேள்விக்கு எப்படி நின்று பதில் சொல்வது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சாகவே அவர்கள் காதில் விழுந்திருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கோ கேட்கப் பயம். கேட்டால் இவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்ற அந்தப் பயம் படிப்பு முடியும்வரை என்னை விடவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் முகத்தில் அதே பயத்தை இன்று பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் கட்டுரைக்கு வந்த பதிலை விடுதி அறையில் படித்துவிட்டு அழுதேன். மதிப்பீட்டாளர் இருவரும் வரிக்கு வரி குறை சொல்லியிருந்தார்கள். அடுத்த அறையில் இருந்த சீனியர் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தார். “எதுக்குடி அழுற? இது நல்ல சேதி. வேண்டாம்னா ரெண்டே வரியில அனுப்பியிருப்பாங்க. திருத்தி அனுப்புன்னு கேட்டிருக்காங்க பாரு” என்றார். அன்று இரவே உட்கார்ந்து, பதில் எழுதும் முறையையும் காட்டினார். மதிப்பீட்டாளர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே நாம் செய்த மாற்றத்தைப் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும். உடன்பாடில்லாத இடத்தில் காரணத்தைப் பணிவாக, ஆனால் முழுமையாக எழுத வேண்டும். எதையும் பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது. அந்த அக்கா மட்டும் அன்று இல்லையென்றால் கடிதத்தை மூடி வைத்திருப்பேன். பொருளாதாரத்தில் நிராகரிப்பு எவ்வளவு சாதாரணம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, துறையின் முதல் ஐந்து இதழ்களில் ஏற்கப்படும் கட்டுரைகளின் பங்கு 1970களில் இருந்த 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதே சமயம், அனுப்பிய சில நாளிலேயே ‘ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டினால் இந்த இதழிலேயே வரும்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் உழைப்பு அதைவிடப் பெரியது.

டேட்டாவைக் கையாள்வதும் யாரும் சொல்லித் தராத இன்னொரு விஷயம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் கோப்புகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மல்டிப்ளையர், அதாவது அந்தக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண், இருக்கும். பல சுற்றுகளில் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் அதை நூறால் வகுக்க வேண்டும், இல்லையென்றால் இருநூறால். கோப்போடு வரும் சிறு குறிப்பில் இருப்பதை வகுப்பில் எனக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னது அதே அக்காதான்.

ஆனால் நம் ஊர்க் காற்றிலிருந்து நாம் கொண்டுபோவதும் உண்டு. கடன் பற்றிய கணக்கெடுப்பில் நெசவாளர் வீட்டுக்கு வந்து ‘கடன் இருக்கா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். தறி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் அவர்கள் கணக்கில் கடன் இல்லை. ஆனால் அதை அடைக்கும்வரை வேறு இடத்துக்கு மாற முடியாது. இது எனக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும். என் ஆய்வேட்டில் மிகவும் பேசப்பட்ட அத்தியாயம் அதுதான். நம் பக்கத்துக் கிராமம் ஆய்வில் இடம்பெறுவதும் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதவைத்து 1918இல் நூலாக்கினார். அதில் ஒரு கிராமம் இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம். 1930களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பவும் அங்கே போயிருக்கிறார்கள். கரிசல் காட்டைப் பற்றிப் பேச உங்களுக்குக் கூச்சம் வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறோம். வெளிநாட்டு இதழ் நம்மை அப்பா பெயரால் குறிக்கும், இங்குள்ள இதழ் நம் பெயரால் குறிக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று தேடுகிறவருக்குத் தெரியாது. அதோடு, பொருளாதாரத்தில் கூட்டாக எழுதுகிறவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் போடுவார்கள். லிரான் ஐனாவ், லீயட் யாரிவ் இருவரும் 2006இல் காட்டியது இது: அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில், குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் வருகிறவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். அந்த வழக்கம் இல்லாத உளவியல் துறையில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே முதல் கட்டுரை வெளிவரும் முன்பே, எந்தப் பெயர் கடைசியில் நிற்கும் என்று முடிவு செய்து அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், செலவில்லை. அப்பா பெயரை இனிஷியலாக வைத்தால் அவரை விட்டுவிட்டதாக ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதை அறுப்பது பணத்தைப் பற்றிய தகவல் நம்மவர்களுக்கு எட்டாததுதான். போன வருடம் திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. “அக்கா, வெளிநாட்டுல பிஎச்.டி. படிக்கணும்னா காட்ட விக்கணும்னு அப்பா சொல்றாரு. வேண்டாம்னு விட்டுட்டேன்” என்றாள். எனக்குப் பதறிவிட்டது. அப்பாவிடமே போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். “அய்யா, அமெரிக்காவுல நல்ல பல்கலைக்கழகங்கள்ல பொருளாதார பிஎச்.டி.க்குச் சேர்த்தாங்கன்னா பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது, மாசாமாசம் அவங்கதான் உதவித்தொகை குடுப்பாங்க. எம்.ஏ.க்குக் கடன் வாங்கிப் போறது வேற, இது வேற. விண்ணப்பக் கட்டணத்தக்கூடப் பல இடத்துல கேட்டா தள்ளுபடி பண்றாங்க” என்றேன். உள்ளூரில் படித்தாலும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000 என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நெசமாவாம்மா? இத யாருமே எங்களுக்குச் சொல்லலயே” என்றார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அங்கே சேர்க்கைக் குழு எம்.ஏ. மதிப்பெண்ணோடு கணிதத்தையும் கூர்ந்து பார்க்கும், ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜீப்ராவும் படித்திருப்பது பெரிய பலம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும், அதை நவம்பர் கடைசியில் போய்க் கேட்கக் கூடாது. செப்டம்பரிலேயே ஆசிரியரிடம் நேரில் போ. உன் பயோடேட்டா, எழுதியவற்றில் சிறந்தது ஒன்று, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதி என்ற பட்டியல், மூன்றையும் கையில் கொடு. ‘கெட்டிக்காரப் பெண்’ என்று எழுதும் கடிதத்தால் பயனில்லை. அவர் வகுப்பில் நீ எந்தக் கணக்கை எப்படிப் போட்டாய், எந்தக் கேள்வி கேட்டாய் என்று எழுத அவருக்கு நினைவிருக்க வேண்டும். ஆகவே இந்தப் பருவத்திலேயே அவர் அறைக்குப் போய்க் கேள்வி கேட்கத் தொடங்கு.

“சாருகிட்ட போய்க் கேக்க பயமா இருக்குக்கா” என்றாள்.

“எனக்கும் இருந்துச்சு. முதல்ல என்ன கேக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லிப் பாரு” என்றேன். அரை மணி நேரம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.