சாவியைத் திருப்புமுன்

நெடுந்தூரம் விரைந்து வந்த காரை வாயிலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போவது எவருக்கும் இயல்பே. சாதாரணக் காரில் அதனாற் கேடொன்றும் நேர்வதில்லை. ஆயின், டர்போ பூட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரொன்றின் ஆயுள் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு நிமிடத்திலேயே தங்கியிருந்தது.

வீணே வெளியேறும் புகையின் விசையைக்கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சில்லினால் மிகுதியான காற்றை எஞ்சினுள் அமுக்கிச் செலுத்துவதே டர்போவின் தொழில். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூஹி 1905 இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வச்சு நிமிடத்துக்கு 100,000 தடவைக்கு மேலாகச் சுழல வல்லது. அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றே. எஞ்சின் அணைந்ததும் எண்ணெயோட்டம் நின்றுவிடும். செந்தணலாய்க் காய்ந்த சுழலியின் வெப்பமோ உடனே தணிவதில்லை. அது பேரிங்கினுள் தேங்கிய எண்ணெயைக் கருக்கிக் கரியாகப் படியச் செய்யும். ஓடிவந்த காரைச் சிறிது நேரம் மெதுவாக இயங்கவிட்டுப் பின்னர் அணைப்பதே இதற்கு மருந்து. ஒருநாள் தவறினால் ஒன்றும் தெரியாது. பல்லாண்டுத் தவறுகள் ஒருநாள் நீலப் புகையாக வெளிவரும்.

உரிமையாளரின் பொறுமையை நம்பி அமைக்கப்பட்ட இயந்திரத்துக்கு என்ன நேரும் என்பதை, 1962 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்ஃபயர் காரைப்போல் வேறெதுவும் காட்டியதில்லை. மூன்றரை லீற்றர் அலுமினிய எஞ்சினிலிருந்து 215 பரிவலுவைப் பெற விரும்பிய பொறியியலாளர், எரிபொருள் தகாத வேளையில் வெடித்தெரிவதைத் தடுக்க, வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைத் தனிக் கலத்தில் வைத்து உட்செலுத்தினர். கலம் வற்றினால் அதை நிரப்ப வேண்டியவர் உரிமையாளர். பெற்றோல் நிரப்புவதையன்றி வேறொன்றையும் அறியாதோர் பலர் அதை மறந்தனர். திரவம் தீர்ந்ததும் எஞ்சினைக் காப்பதற்காகக் காற்றமுக்கம் தானே குறைந்தது. வாங்கிய வேகம் எங்கே என்ற முறைப்பாடு எழுந்தது. 1963 உடன் உற்பத்தி நின்றது. 1965 இல் உற்பத்தியாளரே டர்போவைக் கழற்றிச் சாதாரணக் காபுரேற்றரைப் பூட்டிக் கொடுக்க முன்வந்தனர். எஞ்சினையும் பழிப்பதற்கில்லை. அதே எஞ்சினின் வழித்தோன்றல், டர்போ இல்லாமல், 1967 முதல் இங்கிலாந்தின் ரோவர் கார்களில் அமர்ந்து புதிய நூற்றாண்டு வரை உழைத்தது!

1985 இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 944 டர்போவை அமைத்தோர் மனித இயல்பை நன்கறிந்திருந்தனர் போலும். டர்போவின் பேரிங்கைச் சுற்றி நீரோடச் செய்ததோடு, எஞ்சின் அணைந்த பின்னரும் அந்நீரைச் சிறிது நேரம் சுற்றவிடும் மின் பம்பியொன்றையும் பொருத்தினர். உரிமையாளரிடம் எதிர்பார்த்த பொறுமையை இயந்திரமே ஏற்றுக்கொண்டது. எனினும் எண்ணெயைக் காலத்துக்கு மாற்றுதலும், எஞ்சினின் முற்புறத்து இறப்பர்ப் பட்டியைப் புதுப்பித்தலும் அவர் கையிலேயே இருந்தன. அப்பட்டி அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். இத்தகைய காரொன்று நின்றுபோனால் உலகம் டர்போவையே குறை கூறும்; அறுந்த பட்டியை எவரும் நினைப்பதில்லை.

இவையெல்லாம் முதல் உரிமையாளரின் கதை. நான்காம் கையில் வாங்குபவரின் நிலை வேறு. முந்திய மூவரின் அவசரத்துக்கும் சேர்த்து அவரே விலை கொடுக்கிறார். எவர் எண்ணெயை மாற்றவில்லை, எவர் கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டுக் காற்றமுக்கத்தைத் திருகி உயர்த்தினார் என்பதை வண்ணப்பூச்சின் பளபளப்புச் சொல்லாது. ஓட்டிய தூரங்காட்டும் எண்ணும் அதிகம் சொல்லாது. ஆகவே அனுபவமுள்ளோர் முதலிற் கேட்பது கராஜ்ப் பற்றுச்சீட்டுகளையே. பின்னர் விற்பவரையே ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்துகொள்கின்றனர். குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பிலேயே முடுக்குகிறாரா, ஓடி முடித்துத் திரும்பியதும் அவர் கை எங்கே போகிறது என்பவற்றை அவர்கள் பேச்சுக் கொடுத்தவாறே கவனிக்கின்றனர். சிலர் வண்டி நின்றதும் சாவியைத் திருப்பிவிட்டு விலை பேசத் தொடங்குவர். சிலர் எதையோ கதைத்தபடி எஞ்சினைச் சற்றே முணுமுணுக்கவிட்டு, இருக்கையை விட்டு எழாமல் இருப்பர்.