படகின் கருப்பு

வீட்டில் எடுக்கப்படும் நுண்கலைப் போட்டோ பிரிண்டில் பிரிண்டர் ஓடும் நேரம்தான் மிகக் குறைவு. ஏ2 அளவுப் படம் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அதற்கு முன் இரண்டு நாள் வேலை, பின் ஒரு நாள் காத்திருப்பு. சென்னையில் ஒரு மாடியறையில் அக்கா எடுக்கும் படங்களுக்குத் தம்பி பிரிண்ட் போடுகிறார். அங்கே ஒரு படம் தொடக்கம் முதல் முடிவு வரை அச்சானபோது கவனித்தவை இங்கே பதிவாகின்றன. மேசைக்கு வந்தது காசிமேட்டில் விடியற்காலையில் எடுத்த படம்: எதிர்வெளிச்சத்தில் ஒரு படகு, அதன் இருண்ட பக்கத்தில் சுருட்டிப்போட்ட வலை, பின்னால் மினுங்கும் தண்ணீர்.

இந்தத் தொழிலின் மூலம் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் இருக்கிறது. பாடகரும் போட்டோ சேகரிப்பாளருமான கிரஹாம் நாஷ் 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் 3047 பிரிண்டரை வாங்கினார். அச்சகங்கள் மாதிரித்தாள் எடுத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. தடித்த ஓவியக் காகிதம் அதற்குள் நுழையவில்லை. நாஷும் நண்பர் மேக் ஹோல்பர்ட்டும் உள்பாகத்தை ரம்பத்தால் அறுத்து வழி செய்தார்கள். கியாரண்டி அத்தோடு போயிற்று. 1991-ல் அவர்களது நாஷ் எடிஷன்ஸ் அச்சுக்கூடம் திறந்தது. அதே ஆண்டில் அங்கு வேலை பார்த்த ஜாக் டுகான், பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை ஒட்டி ‘ஜிக்லே’ என்ற பெயரை உண்டாக்கினார். பெயர் நிலைத்தது, மை நிலைக்கவில்லை. ஐரிஸில் ஓடியது சாய மை. வெளிச்சம் பட்ட படங்கள் சில ஆண்டுகளிலேயே வெளுத்தன.

சாய மை தண்ணீரில் சர்க்கரைபோல் முழுதாகக் கரைந்தது. நிறமி மை மஞ்சள்தூள் கலக்கிய தண்ணீர் மாதிரி: துகள்கள் கரையாமல் மிதக்கும். வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் துகளின் மேற்பரப்பைத்தான் முதலில் தாக்கும் என்பதால் உள்ளிருக்கும் நிறம் நெடுநாள் தாங்கும். 2000-ல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி, நிறமி மையை மேசைப் பிரிண்டருக்குக் கொண்டுவந்தது. வீட்டு அச்சறைகள் பெருகியது அதன் பிறகுதான்.

மாடியறையில் முதலில் கண்ணில் படுவது பிரிண்டர் அல்ல, சுவரில் தொங்கும் ஈரப்பதமானி. காற்றின் ஈரப்பதம் 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையே நிற்க வேண்டும். கடற்கரை ஊரில் அது தானாக நிற்காது. ஈரம் கூடினால் பருத்திக் காகிதம் அலைபோல் எழும்பி, மை பீய்ச்சியபடி ஓடும் ஹெட்டில் விளிம்பு உரசிக் கறுப்புக் கீறல் விழும். ஏசியை விடாமல் ஓட்டி மிகவும் உலரவிட்டாலும் ஆபத்து, ஹெட்டின் நுண்துளைகளான நாசில்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே யுபிஎஸ். பிரிண்டரை அதன் சுவிட்சில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் ஹெட் நின்ற இடத்தில் திறந்தபடி காயும்.

அடுத்தது திரை. கடையிலிருந்து வந்த மானிட்டர் அச்சு வேலைக்குப் பொதுவாக மிகப் பிரகாசமானது. அளவுமானியைத் திரைமேல் தொங்கவிட்டு, வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் இறக்குகிறார்கள். ‘பிரிண்ட் இருட்டாக வருகிறது’ என்று புதியவர்கள் சொல்லும் குறையில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிக் குறை எந்தக் கருவியாலும் தீராது. திரை தானே ஒளிர்வது. காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. சாதாரண மானிட்டரில் வெள்ளைக்கும் கருப்புக்கும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வித்தியாசம் உண்டு. மேட் பருத்திக் காகிதத்தின் ஆழ்ந்த கருப்புகூட, விழும் வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பேரியம் சல்பேட் பூசிய பேரைட்டா காகிதத்தில் அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். ஆகவே திரையில் உள்ள எல்லாமும் காகிதத்துக்கு வராது. எதை விடுவது என்று முடிவெடுப்பதே இங்கு கைத்திறன். காசிமேட்டுப் படத்தில் கேள்வி வெளிப்படையாக நின்றது: வலையின் முடிச்சுகளா, தண்ணீரின் மினுக்கா?

தம்பிக்கு பேரைட்டா. கருப்பு ஆழமாக விழும், வலையும் தப்பிக்கும். அக்காவுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராமை ஒட்டிய எடையுள்ள மேட் பருத்திக் காகிதம். விடியலின் மந்தத்துக்குப் பளபளப்பு ஒட்டாது என்பது அவர் கட்சி. காகிதத் தேர்வு மைத் தேர்வும்கூட. பளபளப்புத் தாளுக்கு போட்டோ கருப்பு, மேட் தாளுக்கு மேட் கருப்பு என இரண்டு தனி மைகள். முந்தைய பல எப்சன் மாடல்களில் இரண்டும் ஒரே நாசில் வரிசையைப் பங்கிட்டதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணிசமான மை வேஸ்ட் டேங்குக்குப் போனது. அந்தச் செலவுக்குப் பயந்தே ஒரே வகைத் தாளில் ஒதுங்கியவர்கள் உண்டு. கலையுணர்வு என்று சொல்லப்படும் சில தேர்வுகளுக்குப் பின்னால் மைக் கணக்கு இருந்திருக்கிறது.

இன்னொரு கண்ணி, காகிதத்தின் வெண்மை. சில தாள்களில் சலவைநீலம்போல் வேலை செய்யும் ஒளிர்வூட்டி கலந்திருக்கும். கடையில் பளிச்சென்று இருப்பது, ஒளிர்வூட்டி செயலிழந்த பின் மெல்ல மஞ்சளிக்கும். வெள்ளை மாறினால் படத்தின் நிறச்சமநிலையே நகர்ந்துவிடும். அந்த வீட்டு அலமாரியில் இருந்தவை பெரும்பாலும் ஒளிர்வூட்டி இல்லாத, சற்றே பால்நிறத் தாள்கள்.

மேட் தாளே முடிவானது. அந்தத் தாளுக்கும் அந்தப் பிரிண்டருக்கும் உரிய நிறக்குறிப்புக் கோப்பான ஐசிசி புரொஃபைலைக் கொடுத்ததும், அச்சில் படம் எப்படி விழும் என்பதைத் திரையே காட்டியது. படகு வெளிறிச் சாம்பலானது, வலை காணாமற்போனது. இருள் பகுதியை மட்டும் தூக்கினால் படகு கனம் இழக்கும். தம்பி படகின் அடிப்பக்கத்தை முழுக் கருப்பாக விட்டு, வலை கிடந்த கையகல இடத்தை மட்டும் திறந்தார். தண்ணீரின் மினுக்கில் இரண்டு மூன்று புள்ளிகளைத் தவிர மற்றதை மங்கவைத்தார். கருப்பு கருப்பாகத் தெரிவது பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

முழுத் தாளை உடனே செலவழிப்பதில்லை. நாசில் செக் எடுத்து, கோடுகள் அறுபடவில்லை என்று உறுதியான பின், படத்தின் சிக்கலான பகுதியை மட்டும் நாலு விரல் அகலத் துண்டுகளாக அச்சிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மாற்றம். அதற்கு முன் ஒரு மென்தூரிகையால் தாளைத் துடைத்தது சின்ன வேலைதான். தவறினால் பஞ்சுத் தூசி பின்னால் உதிர்ந்து, கருப்புக்குள் வெள்ளைப் புள்ளியை விட்டுச்செல்லும். ஓட்டத்தின்போது அறையில் பேச்சில்லை. சில பிகோலிட்டர் அளவுத் துளிகள் விழுகின்றன. ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். காதுக்கு எட்டுவது ஹெட் போய்வரும் சீரான ஓசை மட்டும்.

வந்த துண்டுகளை அன்றே மதிப்பிடவில்லை. தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றினாலும், மையிலுள்ள கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் வெளியேறி நிறம் அடங்க ஒரு நாள் பிடிக்கும். அவசரப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தால் அந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் படியும்.

மறுநாள் துண்டுகளை 5000 கெல்வின் விளக்கின் கீழும், பிறகு ஜன்னலோரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். விளக்கில் வென்றது இரண்டாவது, ஜன்னலில் மூன்றாவது. படம் வீடுகளில் தொங்கப்போவது என்பதால் மூன்றாவதை எடுத்தார்கள். முழுத் தாள் ஓடி முடிந்து, இன்னொரு இரவு காய்ந்தது. பருத்திக் கையுறையோடு எடுத்து, படத்துக்குக் கீழே வெள்ளை விளிம்பில் அக்கா பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டார். தோற்ற துண்டுகளைத் தம்பி எறியவில்லை. ஒவ்வொன்றின் பின்னும் தாளின் பெயர், தேதி, செய்த மாற்றம் மூன்றையும் எழுதி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் பழைய துண்டுகளோடு சேர்த்தார்.