சூடு வேறு, புதுசு வேறு

கோவையில் மாலை நாலு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும், ஒரு பேக்கரி வாசலில் ஐந்தாறு பேர் டீ கிளாஸும் பப்ஸ் தட்டுமாக நின்றுகொண்டிருப்பார்கள். இந்த ஊரில் பேக்கரி என்றால் டீக்கடையும் சேர்ந்ததுதான். ஆகவே வடவள்ளிப் பக்கம் புதிதாக இன்னொரு பேக்கரி திறந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் அது பேச்சானதற்குக் காரணம் அங்கே வைத்திருக்கும் சின்னச் சின்னச் சிலேட்டுகள். கண்ணாடி அலமாரியில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒன்று. அதில் சாக்பீஸால் ஒரு நேரம் எழுதியிருக்கிறது. வெஜ் பப்ஸ் 1.30. தேங்காய் பன் 3.15. எக் பப்ஸ் 4.10. ஓவனிலிருந்து எடுத்த நேரம்.

நான் முதலில் 4.10 எக் பப்ஸை வாங்கினேன். பார்வைக்குப் பெரிதாக இருந்தும் கையில் எடை தெரியவில்லை. கடித்ததும் மேல்தோல் நொறுங்கி உதிர்ந்தது. உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்தது. நடுவில் அரை முட்டையும் நன்றாக வதங்கிய வெங்காய மசாலாவும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பப்ஸின் தரம் அங்கேதான் தெரியும். அடி வெளுத்து ஈரமாக இருந்தால் மசாலா நீர் விட்டிருக்கிறது, அல்லது ஓவனின் அடிச்சூடு போதவில்லை. இது தேன் நிறத்தில் காய்ந்திருந்தது. அடுத்து 1.30 வெஜ் பப்ஸ். ருசியில் குறையில்லை. ஆனால் அதன் ஏடுகள் நொறுங்குவதற்குப் பதிலாக வளைந்தன. கிட்டத்தட்ட மூன்று மணி நேர வித்தியாசம் நாக்குக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழக்கமாகப் பேக்கரிகளில் மஞ்சள் பல்பு எரியும் சூட்டுப்பெட்டி ஒன்று இருக்கும். இந்தக் கடையில் அது இல்லை. ஏன் என்று உரிமையாளரைக் கேட்டேன். முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். "அதுக்குள்ள வெச்சா பப்ஸ் சூடா இருக்குமுங்க, ஆனா நல்லா இருக்காது. சூடா வேணும்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஓவன்ல வெச்சுக் குடுத்துடறோம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எளிய அறிவியல் இருக்கிறது. மசாலாவின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த ஏடுகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் சூடேற்றினால் அது வேகமாக நகரும், வெளியேறவும் வழியிருக்காது. காலை ஆறு மணிக்குச் சுட்டதை மாலை வரை சூடாகவே காட்டலாம். அதை மொறுமொறுப்பாக வைத்திருக்க முடியாது.

சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றேன். "காலையில ஏழு மணிக்கு வாங்க, மாஸ்டர் அப்பத்தான் மாவைத் தொடுவாரு" என்றார். ஏழு மணி என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நான் அறிந்த பப்ஸ் மாஸ்டர்கள் அந்நேரத்தில் வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

சமையலறை இரண்டு பகுதியாக இருக்கிறது. பெரிய பகுதியில் மூன்றடுக்கு டெக் ஓவன், மிக்ஸர், அடுப்பு. ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் ஏசி போட்ட சிறிய அறை. அதில் ஸ்டீல் மேசை, குளிர்பெட்டி, மாவைத் தேய்க்கும் ஷீட்டர். மாஸ்டர் அங்கே இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சொந்த ஊர் குன்னூர். பதினெட்டு வயதில் அங்கே ஒரு வர்க்கிப் பட்டறையில் டிரே கழுவச் சேர்ந்து, இந்தத் தொழிலுக்குள் வந்தவர்.

வர்க்கியில் தொடங்கியது அவருக்குக் கிடைத்த பெரிய பாடம். வர்க்கியும் ஏடு ஏடாகப் பிரியும் பண்டம்தான். மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைக்கும் 'மாவா' அதற்கு உயிர். விறகு அடுப்பில் சுடுவார்கள். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "மேல இருக்கறப்ப குளிரைப் பத்தி நெனைக்கவே இல்லீங்க தம்பி. அது பாட்டுக்கு இருந்துச்சு. கீழ எறங்கி வந்தப்புறந்தான் பாதி வேலையை அந்தக் குளிரு செஞ்சிருக்குதுன்னு தெரிஞ்சுது" என்றார். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை சுமார் 400 மீட்டர்தான். சித்திரை மாதத்தில் இங்கே வெயில் 37 டிகிரியைத் தொடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சமவெளியில் பப்ஸ் செய்பவர்களின் சிரமமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

மாவு பிசைவதிலிருந்து பார்த்தேன். பத்து கிலோ மைதா, உப்பு, சிறிது வினிகர், ஐஸ் போட்ட தண்ணீர். பிசைந்த மாவை ஈரத்துணி போர்த்தி ஓரமாக வைத்தார். மைதாவின் புரதம் பிசையும்போது இறுகி ரப்பராக இழுக்கும்; சற்று நேரம் விட்டால்தான் தளரும். தளராத மாவைத் தேய்த்தால் சுருங்கித் திரும்பி வரும். அதில் வெட்டும் பப்ஸ் ஓவனில் கோணலாகும். பிறகு மாவை விரித்து, ஆறு கிலோ மார்ஜரினைப் பலகைபோல் தட்டி நடுவில் வைத்து, நான்கு பக்கமும் மடித்து மூடினார். அதற்கு முன் மார்ஜரினைக் கட்டைவிரலால் அழுத்தினார். பின் மாவை அழுத்தினார். "ரெண்டும் ஒரே பதத்துல இருக்கோணுங்க. கொழுப்பு கெட்டியா இருந்தா உள்ளுக்குள்ளயே ஒடைஞ்சு மாவைக் கிழிக்கும். எளகிப் போச்சுன்னா மாவுக்குள்ள கலந்துரும். அப்புறம் அது பப்ஸ் இல்லீங்க, பிஸ்கட்டு."

அடுத்து மடிப்பு. நீளமாகத் தேய்த்து நான்காக மடிப்பது ஒரு மடிப்பு. மடித்ததும் குளிர்பெட்டியில் அரை மணி நேரம். எடுத்துத் திசை மாற்றித் தேய்த்து மறுபடி நான்காக. அப்படி மூன்று முறை. கடைசியாக ஒரு முறை மூன்றாக. கணக்குப் போட்டால் 4 × 4 × 4 × 3. ஆக 192 கொழுப்பு அடுக்குகள். இன்னும் மடித்தால் அடுக்கு கூடுமே என்று கேட்டேன். அடுக்குகள் அளவுக்கு மீறி மெலிந்தால் கொழுப்பும் மாவும் ஒன்றாகிவிடும், பப்ஸ் எழும்பாது என்றார். மடிப்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காத்திருப்பும் சேர்ந்து காலைப் பொழுது முழுவதும் போயிற்று. அந்தக் காத்திருப்பில் குறைத்தால் சுட்ட பிறகு அது பண்டத்தில் தெரியும்.

மாவைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டினார். கத்தியை இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டுகிறார். இழுத்தால் விளிம்பில் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் எழும்பாது. மேலே முட்டை பூசும்போதும் அதே கவனம்: விளிம்பில் ஒரு துளி வழிந்தாலும் பசைபோல் ஒட்டிவிடும். 210 டிகிரி ஓவனில் வைத்த பிறகு முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்க விடுவதில்லை. மாவுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. உருகிய கொழுப்பு ஏடுகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்க, ஆவி அவற்றைத் தூக்குகிறது. ஈஸ்ட்டோ சோடா உப்போ எதுவும் இல்லாமல் பப்ஸ் எழும்புவது இப்படித்தான். ஏடுகள் காய்ந்து நிற்பதற்குள் கதவைத் திறந்தால் எழும்பியது அமுங்கிவிடும்.

உள்ளே வைக்கும் மசாலா வெளி அறையில், ஒரு பெண்மணியின் பொறுப்பில் இருக்கிறது. அதே தெருக்காரர், இதற்கு முன் ஒரு மெஸ்ஸில் சமைத்தவர். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் வேகவைத்து, வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்துச் சுண்ட விடுகிறார். "வீட்டுப் பொரியல் பதம் இதுக்கு ஆகாது கண்ணு. கரண்டியில எடுத்தா ஒட்டாம விழுகோணும்" என்று கடாயைச் சாய்த்துக் காட்டினார். அகலத் தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் உள்ளே அனுப்புகிறார். சூடான மசாலாவை வைத்தால் மார்ஜரின் ஓவனுக்குப் போகும் முன்பே இளகிவிடும். கடையில் பப்ஸ் சாப்பிடுகிறவர்கள் மசாலாவைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் சமையலறையில் 'மாஸ்டர்' என்ற அழைப்பு அவருக்கு இல்லை. அதை மாஸ்டரே என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்.

இந்தத் தொழில் நம் ஊர்களுக்கு வந்த வழி நீண்டது. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880-இல் பிஸ்கட் பேக்கரி தொடங்கினார். அவர் 1883-இல் செய்த கிறிஸ்துமஸ் கேக் இன்றும் கேரளத்தில் பேசப்படுகிறது. கர்நாடகத்தின் ஹாசன் பகுதியிலிருந்து போனவர்கள் பெங்களூரில் தொடங்கியது ஐயங்கார் பேக்கரி மரபு. தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த தில் பசந்த் அந்தக் கடைகளில் பிரபலம். கோவைப் பேக்கரிகள் பலவற்றில் நெடுங்காலமாகக் கேரளத்துக் கைகள் வேலை செய்துவருகின்றன. இப்போது அந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். இந்தக் கடையில் மாஸ்டருக்குக் கீழே இருக்கும் இரண்டு பேரும் ஒடிசாக்காரர்கள். அதில் ஒருவர் இப்போது தானாகவே மடிப்பு போடுகிறார். மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், கை வைப்பதில்லை. "மாவு எந்த எடத்துல எதுக்குதுன்னு அவன் கைக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. இனி அதை நான் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார்.

ஏழு மணிக்கு வேலை தொடங்குவது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். அவர் முன்பு வேலை பார்த்த இடங்களில் ஏசி கிடையாது. வெயில் ஏறினால் மார்ஜரினே இளகும் என்பதால் இரவு பதினொரு மணிக்கு மாவு பிசைந்து, விடிவதற்குள் எல்லாவற்றையும் சுட்டு அடுக்கிவிட வேண்டும். தேய்ப்பது உருட்டுக்கட்டையால். பத்து கிலோ மாவைத் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் வலது தோள் இன்றும் முழுதாக உயர்வதில்லை. மகள் பள்ளிக்குப் போன காலம் முழுவதும் பகலில் தூங்கியிருக்கிறார். இந்தக் கடையில் சேர அவர் வைத்த நிபந்தனை சம்பளத்தைப் பற்றியது அல்ல. குளிர் அறையும் ஷீட்டரும் வேண்டும், இரவு வேலை கூடாது என்றார். உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இரண்டு உருளைகளுக்கிடையே மாவை முன்னும் பின்னும் அனுப்பி மெலிதாக்கும் அந்த இயந்திரம் தோளின் வேலையை எடுத்துக்கொண்டது. பதம் பார்ப்பது கட்டைவிரலிடமே இருக்கிறது. தொழிலுக்குள் வருகிற இயந்திரங்கள் இந்த மாதிரி வந்தால் அவற்றை இரு கையாலும் வரவேற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கொழுப்பைப் பற்றியும் பேசினோம். எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. அதையொட்டி மார்ஜரினின் பதம் மாறியதாகவும், கை மறுபடி பழகச் சில மாதங்கள் பிடித்ததாகவும் மாஸ்டர் சொன்னார். வெண்ணெயில் செய்த பப்ஸும் இங்கே உண்டு, சனி ஞாயிறு மட்டும். வாயிலேயே கரைந்துவிடும், மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டாது. விலை இரண்டு மடங்கு. விலையிலிருந்து பேச்சு வரிக்குப் போனது. கிரீம் பன் வரியைப் பற்றி 2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் முன் ஓட்டல் உரிமையாளர் ஒருவர் பேசியது நாடு முழுக்க விவாதமானது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதில் மிஞ்சியதில் ஒரு பங்கு ஏசி அறையின் மின்கட்டணத்துக்குப் போகிறது என்றார் உரிமையாளர்.

சிலேட்டில் எழுதும் அந்த நேரத்தின் பொருள் இதையெல்லாம் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவாயிற்று. 'சூடா இருக்கா?' என்றுதான் நாம் கடையில் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குச் சூட்டுப்பெட்டி போதும். விடியற்காலையில் மொத்தமாகச் சுட்டு, பல்புக்குக் கீழே வைத்துவிடலாம். அதற்காக ஒருவர் இரவு முழுக்க விழித்திருப்பார். 'எப்ப எடுத்தது?' என்று கேட்டால் கடையின் வேலைமுறையே மாற வேண்டியிருக்கும். வெட்டி மடித்த பப்ஸைச் சுடாமல் உறைபெட்டியில் வைத்து, மணிக்கு ஒரு டிரேவாகப் பகலில் சுட வேண்டும். ஓவனுக்குப் பக்கத்தில் தொழில் தெரிந்த ஒருவர் பகல் முழுக்க இருக்க வேண்டும். அப்படி ஒருவர் பகலில் நின்றால் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

பப்ஸ் மாஸ்டர்களின் திறமைக்குச் சான்றிதழ் இல்லை, விருது இல்லை. இருபது, இருபத்தைந்து ரூபாய்ப் பண்டம் என்பதால் அதற்குள் இருக்கும் கைத்திறனையும் மலிவானதாகவே எண்ணிவிட்டோம். அதை மாற்றப் பெரிய முயற்சி எதுவும் வேண்டாம். உங்கள் தெருப் பேக்கரியில் அடுத்த முறை பப்ஸ் கேட்கும்போது, அதை ஓவனிலிருந்து எடுத்த நேரத்தையும் கேளுங்கள். உடனே பதில் சொல்ல முடிகிற கடை, நமக்கு நல்ல பண்டத்தையும் அதைச் செய்தவருக்கு இரவுத் தூக்கத்தையும் கொடுக்கக்கூடிய கடை.