தாமதமாக வந்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

ஆசிரியர்களுக்குச் சமூக, உணர்வுசார் கற்றலில் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சி நடக்கும் குறுவள மையத்துக்குச் சனிக்கிழமை காலையில் வந்து உட்காரும் ஆசிரியர்களிடம் இந்த நீளமான பெயரை மதியம் வரை நான் எடுப்பதே இல்லை. வாரம் முழுக்கப் பாடம் நடத்தி, எமிஸ் இணையதளப் பதிவுகளையும் முடித்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களிடம் முதலில் ஒன்றே ஒன்று கேட்பேன்: “மணி அடித்த பிறகு வகுப்பு வாசலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் நீங்க சொல்ற முதல் வார்த்தை என்ன?”

“ஏன் லேட்டு?” என்பார்கள் பலர். “இதான் வர்ற நேரமா?” என்பார் ஒருவர். “ஒண்ணும் சொல்ல மாட்டேன், வெளியே நிக்க வச்சிருவேன்” என்பார் இன்னொருவர்.

நான் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீரங்கத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தீவில், சாத்தார வீதிப் பூச்சந்தையை நம்பியிருக்கும் வீடுகளில் விடியும் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். திருவளர்ச்சோலைப் பக்கம் வாழைத்தோட்ட வேலைக்கு அம்மா கிளம்பிவிட்டால், தம்பி தங்கைகளைக் கிளப்புவது மூத்த பிள்ளையின் பொறுப்பு. மார்கழியில் கோயிலின் பகல்பத்து, இராப்பத்துத் திருவிழாக் கூட்டம் வீதிகளை அடைத்துக்கொள்ளும். அரையாண்டுத் தேர்வும் அதே சமயத்தில்தான் வரும். வாசலில் நிற்கும் பிள்ளை இவ்வளவையும் தாண்டி வந்திருக்கலாம். இரவெல்லாம் போன் பார்த்துவிட்டுத் தூங்கியும் போயிருக்கலாம். எது என்று அந்த நிமிடத்தில் ஆசிரியருக்குத் தெரியாது. அதனால்தான் முதல் வார்த்தைக்கு இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

இருவர் இருவராக எழுந்து நின்று செய்து பார்க்கிறோம். ஒருவர் ஆசிரியர், மற்றவர் பிள்ளை. பணி மூப்புள்ளவரைப் பிள்ளையாக நிறுத்துவேன். “ஏன் லேட்டு?” என்ற கேள்வி நாற்பது கண்களுக்கு முன்னால் தன்மீது விழும்போது, இருபது வருடம் அதே கேள்வியைக் கேட்டவருக்கும் பதில் வராது. “பதில் இருக்கு மேடம், வாய்தான் வரல” என்றார் ஒரு கணக்கு ஆசிரியர். அந்த இடத்தில் நான் எதையும் விளக்காமல் நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் அவர்களே பேசட்டும்.

பிறகு மாற்றிச் செய்கிறோம். “வாப்பா. உட்காரு. பக்கத்துல இருக்கவன்கிட்ட பார்த்துக்க. இன்டர்வெல்ல பேசுவோம்.” அவ்வளவுதான். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, “காலையில வீட்ல என்ன வேலை இருந்துச்சு?” ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை சாக்கைத் தேடும், ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லும். குரலின் அளவு, வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுப் பேசுவது, குனிந்து கேட்பது எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்கிறோம். சொன்னவுடன் வந்துவிடுகிற பழக்கம் இல்லை இது.

“இப்படி விட்டா நாளைக்குப் பத்துப் பேர் லேட்டா வருவாங்களே?” இந்தக் கேள்வி ஒவ்வொரு அமர்விலும் எழும், எழத்தான் வேண்டும். நேர ஒழுங்கை யாரும் விடச் சொல்லவில்லை. தவறவிட்ட பாடத்தை மதியம் எழுதித்தான் ஆகவேண்டும், பெற்றோரிடம் பேசித்தான் ஆகவேண்டும். நீக்கச் சொல்வது அவமானத்தை மட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட பல நல்ல ஆசிரியர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கவனிக்கவில்லை. விடைத்தாள் கொடுக்கும்போது குறைந்த மதிப்பெண்ணிலிருந்து உரக்க வாசிப்பதும் அதில்தான் சேரும்.

2024-ல் அரசுப் பள்ளிகளில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளையின் தாமதத்துக்குக் குழுவின் புள்ளியைக் குறைக்க ஆரம்பித்தால், ஆசிரியர் திட்டாமல் விட்டதைக் குழுவே திட்டிவிடும். இதையும் பயிற்சியில் பேசியாக வேண்டும்.

பாட நேரம் வீணாகிறது என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். 2011-ல் ஜோசப் டர்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் சமூக, உணர்வுசார் கற்றலுக்கான 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தத் திட்டங்களில் பங்கேற்ற மாணவர்கள் படிப்பிலும் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். வெளியிலிருந்து நிபுணர் வராமல், வகுப்பாசிரியரே நடத்தினாலும் பலன் கிடைத்தது.

ஆனால் ஆய்வுகளைவிட என்னைப் பிடித்து உலுக்குவது நாங்குநேரியில் நடந்ததுதான். 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன், துன்புறுத்தல் தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளிலிருந்து பள்ளிப் பெயர்கள் வரை அது பேசுகிறது. வராத பிள்ளையும் தாமதமாக வரும் பிள்ளையும் நமக்கு ஏதோ சொல்கிறார்கள் என்பதை நாங்குநேரிக்குப் பிறகு எந்த ஆசிரியரிடமும் நான் மெதுவாகச் சொல்வதில்லை.

சனிக்கிழமை பயிற்சி மட்டும் போதாது. மாநிலத்திலிருந்து மாவட்டம், அங்கிருந்து ஒன்றியம் என்று இறங்கி வருவதற்குள் செய்து பார்க்கும் பகுதி கரைந்து, படக்காட்சி மட்டும் மிஞ்சுகிறது. வகுப்பறைக்கே சென்று உடனிருந்து உதவினால்தான் கற்றது நடைமுறைக்கு வரும் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-லேயே எழுதிவிட்டார்கள். நான் போகும் நாட்களில் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். குறிப்பேட்டைத் திறப்பதில்லை. திறந்தால் ஆசிரியர் எனக்காகப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்.

இப்போது தலைமையாசிரியர்களிடம் இதே பயிற்சியைக் கொண்டுபோகிறேன். கேள்வியில் ஒரு மாற்றம் மட்டும்: சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வரும் ஆசிரியையிடம் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை என்ன? வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சுழிப்போம் என்றார்கள் சிலர். அந்த ஆசிரியை அடுத்த ஐந்தாவது நிமிடம் வகுப்பு வாசலில் ஒரு பிள்ளையைப் பார்ப்பார். தலைமையாசிரியர்களையும் இருவர் இருவராக எழுந்து நிற்கச் சொன்னேன்.