லீட் கழன்றதா, ஐயாவுக்கு ஏதாவதா?

மானிட்டர் திரையில் ‘லீட் ஆஃப்’ என்று எழுத்து வந்ததும் பயிற்சி மாணவியின் கை சைலன்ஸ் பொத்தானுக்குப் போனது. “முதல்ல ஐயாவப் பாரும்மா” என்றார் மூத்த செவிலியர். பெரியவரைக் கூப்பிட்டுக் கண் திறக்கச் சொன்னார், நாடி பிடித்தார், நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்தார். பிறகுதான் போர்வையை விலக்கினார். வியர்வையில் எலக்ட்ரோடு ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவு அது. மானிட்டர் அங்கே இரண்டு விதமாகக் கூப்பிடுகிறது. இதயத் துடிப்போ ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷனோ எல்லை தாண்டினால் ஒரு விதம். கருவியால் அளக்க முடியாமல் போனால் இன்னொரு விதம். ஐஇசி 60601-1-8 என்ற பன்னாட்டுத் தரநிலை உச்ச அவசரத்துக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள் என்று வகுத்திருக்கிறது. தொழில்நுட்ப அலாரங்கள் பல மானிட்டர்களில் நீலத்தில், மெல்லிய ஒலியில் வருகின்றன. எனக்கு உறுத்துவது இதுதான். நீலம் என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று கை பழகிவிடுகிறது. ஆனால் எல்லா லீடும் கழன்று கிடக்கும் நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்தாலும் ஈசிஜியில் சிவப்பு எரியாது. அந்த நோயாளியை ஈசிஜி பார்க்கவே இல்லை.

எலக்ட்ரோடு ஒட்டுவது பார்வைக்கு எளிய வேலை. இந்தத் தொழிலின் பாதித் திறமை அதில்தான் இருக்கிறது. மார்பில் முடி இருந்தால் கத்தரிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக்கி, துணியால் லேசாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் வேண்டாம் என்றார் செவிலியர். தோல் வறண்டு, சிக்னல் கெடும். லீட் வயரை எலக்ட்ரோடில் மாட்டிய பிறகே மார்பில் ஒட்டினார். ஒட்டியபின் அழுத்தி மாட்டினால் நோயாளிக்கு வலிக்கும், ஜெல்லும் பிதுங்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் வரும் அலாரங்கள் சராசரியாக 46 சதவீதம் குறைந்ததாக 2013-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

சாச்சுரேஷனுக்காக விரலில் மாட்டும் ப்ரோப் வேறு கதை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்று அது படிக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்ட வழி. விரலுக்கு நாடி வந்து சேராவிட்டால் படிக்க எதுவுமில்லை. அடுத்த படுக்கையில் பி.பி. கஃப் இருந்த கையிலேயே ப்ரோப்பும் இருந்தது. கஃப் காற்று நிரம்பி இறுகும்போதெல்லாம் சாச்சுரேஷன் கோடு படுத்துவிட்டது. செவிலியர் ப்ரோப்பை மறு கைக்கு மாற்றினார், தொல்லை நின்றது.

எல்லா நேரமும் இப்படி முடிவதில்லை. ப்ரோப் சரியாக இருந்தும் ‘லோ பெர்ஃப்யூஷன்’ என்று வந்தால் அவர் விரலைத் தொட்டுப் பார்க்கிறார். சில்லென்று இருந்தால் உடனே பி.பி., சிறுநீர் அளவு, பிறகு மருத்துவருக்கு அழைப்பு. கருவி தன் குறையைச் சொல்வது போலத்தான் இருக்கும். ரத்த ஓட்டம் சரிவதை அது சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்தப் பிரித்தறிவை எந்தக் கையேடும் முழுதாகக் கொடுத்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 31 நாளில் பதிவானவை 25 லட்சத்துக்கும் மேலான அலாரங்கள். இத்தனைக்கு நடுவே ஒரு நீல எழுத்தைத் தவறவிட்ட செவிலியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். வயர் நைந்த ப்ரோப்பையும் பிடிப்பு விட்ட கேபிளையும் மாற்றித் தர வேண்டியது நிர்வாகம். பயோமெடிக்கல் இன்ஜினியர் அன்று ஒரு லீட் வயரை மெல்ல வளைத்துக் காட்டினார். ஒரு கோணத்தில் கோடு வந்தது, இன்னொரு கோணத்தில் மறைந்தது.

செவிலியர் அடுத்த மாத இண்டென்ட்டில் எலக்ட்ரோடைச் சிறிய பாக்கெட்டுகளாகக் கேட்டு எழுதியிருக்கிறார். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் தீர்வதற்குள் மிச்சத்தில் ஜெல் காய்ந்துவிடுகிறது.