அக்கா எதையும் அமுக்கவில்லை

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாலை நேரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். கட்சிக்காரர்களின் பில் விவரங்களை வெளியூர் சர்வருக்கு அனுப்ப அங்கே ஒரு பழைய ஜாவா புரோகிராம் உண்டு. எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது :-)

ஒரு திங்கட்கிழமை அது மக்கர் பண்ணியது. டேட்டா என்ட்ரி அக்காவிடம் சார், "எதையாவது அமுக்கினியாம்மா?" என்றார். "நான் எதையும் மாத்தல சார்" என்று சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நெட் இருந்தது. பிரவுசரில் அதே முகவரி ஜம்மென்று திறந்தது. புரோகிராமில் மட்டும் 'ஹேண்ட்ஷேக்' பிழை. இதில்தான் இரண்டு மணி நேரம் ஏமாந்தேன். பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ், பிரவுசரிடம் தனியாக இருக்கிறது. ஜாவா புரோகிராமோ ஜாவாவுக்குள் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். அது திறந்தால் இதுவும் திறக்கும் என்று அர்த்தமில்லை.

நண்பன் ஒருவன் போனில் சொன்னபடி ஜாவாவின் டீபக் வசதியைப் போட்டுப் பார்த்தேன். நம் பக்கம் சொன்னது: "டிஎல்எஸ் 1.0." அந்தப் பக்கம் "புரோட்டோகால் வெர்ஷன்" என்று ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்து இணைப்பைத் துண்டித்துவிட்டது.

அந்தக் கணினியில் இருந்தது 2011-இல் வந்த ஜாவா 7. அதற்கு 2008-இல் வந்த டிஎல்எஸ் 1.2 தெரியும். ஆனால் தானாகப் போய்க் கதவைத் தட்டும்போது, நாம் சொல்லாவிட்டால் 1999-இன் 1.0-ஐத்தான் நீட்டும்! 2014-இல் வந்த ஜாவா 8-தான் 1.2-ஐ இயல்பாக்கியது. டிஎல்எஸ் 1.0-க்கு 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எங்கள் சர்வர்காரரும் அந்த வார இறுதியில் அதை மூடியிருக்கிறார்.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு நினைவுக்கு வந்தது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். இங்கே அந்த ஒரே விஷயமே இல்லை.

புரோகிராமைத் தொடங்கும் பேட்ச் ஃபைலில், 1.2-ஐப் பயன்படுத்து என்று ஒரு அமைப்பைச் சேர்த்தேன். பில்கள் போய்விட்டன. "இது பிளாஸ்திரிதான் சார். ஜாவா 7-க்குப் பொது அப்டேட்டே 2015-இல் நின்றுவிட்டது, புதுசு போடணும்" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

அக்கா சொன்னது நிஜம். யாரும் எதையும் மாற்றவில்லை. இத்தனை வருஷம் மாற்றாமல் விட்டதுதான் பிழை. சார் அவரிடம் ஸாரி சொல்லவில்லை. அன்று எல்லோருக்கும் டீ வாங்கச் சொன்னார், முதல் கிளாஸை அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி.