குளியலறைக்குள் எரியும் நெருப்பு



குளிர்காலம் தொடங்கிவிட்டால், எம்மைப் போன்று மலைப்பகுதியில் வாழ்வோருக்குப் பஜ்ருடைய நேரத்தில் வெந்நீர் என்பது ஆடம்பரம் அன்று, தேவை. முதியவர்கள் உளூச் செய்வதற்கும், கடமையான குளிப்பை நிறைவேற்றுவதற்கும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி மக்தபுக்கு அனுப்புவதற்கும் வெந்நீர் வேண்டும். முன்பெல்லாம் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு மூட்டி அண்டாவில் நீர் காய்ச்சினோம். புகை கண்ணை எரித்தது. ஆனால் அந்த அடுப்பு திறந்த வெளியில் இருந்தது. இன்று அந்த இடத்தைக் கேஸ் கீசர் பிடித்துக்கொண்டது. குழாயைத் திறந்த சில நொடிகளில் வெந்நீர் வருகிறது; மின்கட்டணமும் குறைவு. எனவே மலையில் மட்டுமன்றிச் சமவெளி நகரங்களிலும் நம் குடும்பங்கள் பல இதனை விரும்பி வாங்குகின்றன.

வாங்குவதில் பிழையில்லை. அதனை எங்கே மாட்டுகிறோம், எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் அடங்கியிருக்கிறது.

வெள்ளைப் பெட்டிக்குள் ஓர் அடுப்பு

சுவரில் அழகாகத் தொங்கும் அந்தப் பெட்டியைப் பார்ப்பவருக்கு அது மின்விசிறி, விளக்கு போன்ற ஒரு சாதனமாகவே தோன்றும். உண்மையில் அது ஓர் அடுப்பு. அதுவும் சிறிய அடுப்பன்று. நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரைச் சூடாக்கும் ஒரு கீசர், நம் சமையலறை அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை ஒரே நேரத்தில் முழுமையாக எரியவிட்டதற்கு ஏறத்தாழச் சமமான வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்து பர்னர்களை எரியவிட்டு, சமையலறையின் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் உள்ளே நிற்பதற்கு நாம் சம்மதிப்போமா? குளியலறையில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 முதல் 13 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே சுமார் 8 கன மீட்டர்தான். கீசர் 10 நிமிடம் தொடர்ந்து எரிந்தால் சுமார் 2 கன மீட்டர் காற்று, அதாவது அறையின் காற்றில் கால் பங்கு, அந்த நெருப்பின் வழியாகச் சென்று திரும்பிவிடுகிறது. புதிய காற்று உள்ளே வராவிட்டால் ஆக்ஸிஜன் குறையும். ஆக்ஸிஜன் குறையக் குறைய எரிவாயு அரைகுறையாக எரியும். அப்போது உண்டாவதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும்; அதற்கென்றே அதில் நெடியுள்ள பொருளொன்றைச் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வழக்கம் போலவே நடக்கும். ஆனால் உடலுக்கு ஆக்ஸிஜன் சென்று சேராது. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி. ஏதோ சரியில்லை என்று உணர்ந்து கதவைத் திறக்க நினைக்கும் வேளையில் கால்கள் ஒத்துழைப்பதில்லை. தண்ணீர் விழும் ஓசை தொடர்ந்து கேட்பதால் வெளியே இருப்பவர்கள், உள்ளே இருப்பவர் குளித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணுவார்கள்.

ஓதிப் பார்க்க அழைத்த வீடு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில், எம் மதரஸாவில் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை எம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகள் குளியலறையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். அங்கே ஏதோ இருக்கிறது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் வந்து ஓதிப் பார்க்க வேண்டும்" என்றார். இரண்டாம் முறை தாழ்ப்பாள் பழையதாக இருந்ததால் தம்பி கதவைத் தள்ளித் திறந்து வெளியே இழுத்திருக்கிறான். புதுத் தாழ்ப்பாளாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நாம் சென்றோம். ஓதினோம், ஓதுவது நம் மார்க்கம் கற்றுத் தந்த வழிமுறை. ஓதி முடித்த பின் சில கேள்விகள் கேட்டோம். குளிக்கும்போது மட்டும்தான் மயக்கம் வருகிறதா? ஆம். அதற்கு முன் தலைவலி இருந்ததா? ஆம், வெளியே வந்து சற்று நேரம் அமர்ந்தால் தணிந்துவிடும். வேறு எவருக்கேனும் அப்படி உண்டா? பாட்டிக்கு வெள்ளிக்கிழமை தோறும் தலை கனக்கும் என்றார்கள். அவர் தலைக்குக் குளிக்கும் நாள் அதுவே.

பிறகு குளியலறையைப் பார்த்தோம். தலைக்கு மேல் கேஸ் கீசர். அதன் மேற்புறத்தில் புகைக்குழாய் இல்லை. குளிர் புகாமல் இருப்பதற்காக வென்டிலேட்டரில் தெர்மகோல் வைத்து, ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தார்கள். கதவின் அடியில்கூடக் காற்று வராதபடி ரப்பர் பட்டை. அந்த வீட்டார் அலட்சியமானவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது என்ற பாசத்தில்தான் ஒவ்வொரு துளையையும் அடைத்திருந்தார்கள்.

அன்றே கீசரின் வால்வை மூடச் சொன்னோம். மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படியும், கீசர் எரியும் மூடிய அறையில் விழுந்தாள் என்பதை மறவாமல் சொல்லும்படியும் கூறினோம். அடுத்த வாரம் கீசர் பின்புறத் திறந்த தாழ்வாரத்துக்கு இடம் மாறியது. அதன் பின் அவளுக்கு மயக்கம் வரவில்லை; பாட்டியின் வெள்ளிக்கிழமைத் தலைவலியும் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

நெருப்பைப் பற்றிய நபிவழி

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதர்களுக்குப் பகையானது என்றும், உறங்கச் செல்லும்போது அதனை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. நெருப்பு அல்லாஹ்வின் அருட்கொடை. அதனைக் கொண்டே சமைக்கிறோம், குளிர் காய்கிறோம். ஆயினும் அதனோடு பழகும்போது பகைவனோடு பழகும் விழிப்பு வேண்டும் என்பது நபிமொழியின் பாடம்.

இந்த நபிமொழிக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் நுட்பமான ஒன்றைச் சுட்டுகிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடும் என்பது அக்காலத்துக் காரணம். பள்ளிவாசல்களில் எட்டாத உயரத்தில் தொங்கும் விளக்குகளில் அந்த ஆபத்து இல்லையென்றால் அவை எரிவதில் குற்றமில்லை. ஆபத்து உண்டென்றால் அவையும் அந்தக் கட்டளைக்குள் வந்துவிடும். அதாவது, சட்டம் காரணத்தைச் சுற்றியே சுழல்கிறது.

நம் காலத்துக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். எலியும் திரியும் இன்று நம் குளியலறையில் இல்லை. ஆனால் அடைக்கப்பட்ட வென்டிலேட்டர் இருக்கிறது. புகைக்குழாய் இல்லாத கீசர் இருக்கிறது. காரணம் உருமாறி நம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்போது, கட்டளையும் நம்மை நோக்கியே நிற்கிறது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து பெரும் நோக்கங்களுள் ஒன்று என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடம் குளியலறைச் சுவர் வரை வர வேண்டும்.

எப்படி மாட்ட வேண்டும்?

முதலாவது: கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். காற்றோட்டமுள்ள பால்கனி, திறந்த தாழ்வாரம், பின்கட்டு போன்ற இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டு வரலாம். சில அடிக் குழாய்க்கான செலவுதான் கூடும். சிலிண்டரும் ஒருபோதும் குளியலறைக்குள் இருத்தலாகாது; அது நிமிர்ந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே பள்ளமான இடமும், சாக்கடை வாயின் அருகாமையும் கூடாது.

இரண்டாவது: கட்டடத்துக்குள்தான் வைக்க வேண்டுமென்றால், எரிந்த புகை முழுவதும் புகைக்குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே செல்லும் வகையைத் தேர்ந்து, தயாரிப்பாளரின் வழிகாட்டியில் உள்ளபடியே மாட்ட வேண்டும். அப்போதும் காற்று உள்ளே வர ஒரு திறப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோம் என்று சிலர் அமைதி கொள்கிறார்கள். காற்று வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன், புகைக்குழாய் வழியே வெளியேற வேண்டிய புகையையே திரும்ப அறைக்குள் இழுத்துவிடக்கூடும்.

மூன்றாவது: ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். சமையலறைச் சிலிண்டரிலிருந்து 'டி' இணைப்புப் போட்டுக் கீசருக்கு இழுக்கும் வேலை வேண்டாம். எரிவாயு முகவர் அனுப்பும் பயிற்சி பெற்ற மெக்கானிக் இணைப்புக் கொடுக்கட்டும். சுரக்ஷா குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி உரசிச் சோதிப்பது அழிவைத் தேடிப் போவதாகும். கசிவு என்று தெரிந்தால் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

நான்காவது: ஆண்டுக்கு ஒருமுறை பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். நீல நிறமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, பெட்டியின் மேல் கரி படிந்தாலோ அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஒரு வாளி போதும்

கீசரை இடம் மாற்றும் வரை என்ன செய்வது என்று கேட்கலாம். கதவைத் திறந்து வைத்து, வாளியில் வெந்நீரை நிரப்பி, கீசரை அணைத்து, சற்று நேரம் காற்றை வெளியேற விட்டு, பிறகு கதவை மூடிக் குளியுங்கள். கீசர் எரிந்துகொண்டிருக்கும்போது எவரும் மூடிய அறைக்குள் இருக்க வேண்டாம். ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்து குளிப்பதும் வேண்டாம். முதலாமவர் விட்டுச் சென்ற காற்றையே அடுத்தவர் சுவாசிக்க நேரும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ அளவு நீரில் குளித்திருக்கிறார்கள். நம் அளவில் ஏறத்தாழ 3 லிட்டர். நம் வாளி அதனினும் பன்மடங்கு பெரியது. இருபது நிமிடம் ஷவரின் கீழ் நிற்பது சுன்னத்தும் அன்று, பாதுகாப்பும் அன்று.

ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டு தாதுஸ்ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிரக் கண்டிக்கவில்லை. வெந்நீருக்கு வழியுள்ள வீட்டில் தயம்மும் போதும் என்பது இதன் பொருளன்று. தூய்மைக்காகவே ஆனாலும் உயிரைப் பணயம் வைக்கும்படி மார்க்கம் கேட்கவில்லை என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

பொறுப்பு எவருடையது?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி உண்டு. தொழில் தெரியாமல் கீசர் மாட்டுபவருக்கும் இது பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். வாடகைக்கு வீடு விடும் சகோதரர்கள் வென்டிலேட்டரை அடைத்துக் கட்டியிருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். வாடகையைப் போலவே அந்த வீட்டில் வாழ்பவரின் மூச்சும் உங்களிடம் உள்ள அமானிதம். ஜமாஅத் நிர்வாகிகளும் பள்ளிவாசல் உளூச் செய்யும் இடத்திலும் இமாம் தங்கும் அறையிலும் உள்ள கீசரை ஒருமுறை பார்த்து வரட்டும்.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கனடா போன்ற குளிர்நாடுகளில் எண்ணெயால் எரியும் உலை வீட்டையே சூடாக்குகிறது. அங்கும் புகைபோக்கி அடைபட்டால் வீட்டுக்குள் நிறைவது இதே வாயுதான். உரிமம் பெற்றவரைக் கொண்டு மாட்டி, ஆண்டுதோறும் சோதித்து, படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கச் சொல்லுங்கள். உலை நின்றுபோனால் ரீசெட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தவும் வேண்டாம். எரியாத எண்ணெய் உள்ளே தேங்கிவிடும்.

எவரேனும் மயங்கி விழுந்தால்: கதவைத் திறந்து, உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள். கீசரையும் சிலிண்டரையும் மூடுங்கள். 108ஐ அழைத்து, மூடிய அறையில் கேஸ் எரிந்தது என்று சொல்லுங்கள். ஆக்ஸிஜன் அளிப்பதே முதல் சிகிச்சை. எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்காதீர்கள்.

இன்று இஷா தொழுது வீடு திரும்பியதும் உங்கள் குளியலறைக்குச் சென்று தலையை உயர்த்திப் பாருங்கள். கீசர் எங்கே இருக்கிறது? புகை எங்கே போகிறது? காற்று எங்கிருந்து வருகிறது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பஜ்ருக்கு வெந்நீர் வையுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் இல்லத்தாரையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.